ரன்னிமேட்டுக்கு ஒரு டிக்கெட்

சேலம் கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கும், நீலகிரி மலை ரயிலைப் பேணிவரும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பிறந்த இடத்துக்கு டிக்கெட் கிடையாது. மேட்டுப்பாளையம் கவுண்டரில் கேட்டால் குன்னூருக்குக் கொடுப்பார்கள், ஊட்டிக்குக் கொடுப்பார்கள். ரன்னிமேட்டுக்கு இல்லை. ஆனால் காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பும் ரயில் ரன்னிமேட்டில் நிற்கத்தான் செய்கிறது. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள். பயணிகள் இறங்கிக் கைகால் நீட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், விசில் கேட்டதும் ஓடிவந்து ஏறிக்கொள்கிறார்கள். இறங்கலாம், ஏறலாம், போய்ச் சேர மட்டும் முடியாத ஊர் அது.

அந்த நிலையத்தை ஒட்டி இருந்த குவார்ட்டர்ஸில்தான் 1962இல் நான் பிறந்தேன். அப்பா தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். அவர் இப்போது இல்லை. அம்மா இருக்கிறார், 86 வயது, குன்னூரில் என்னோடு. நான் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மனு எழுதித் தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் நான் கேட்கப்போவது என் குடும்பத்துக்கு மட்டுமானதாக இல்லை. கல்லாறு, அடர்லி, காட்டேரி ரோடு, பெர்ன்ஹில் நிலையங்களில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று மேட்டுப்பாளையம், காரமடை, போத்தனூர், திருச்சி என்று எங்கெங்கோ இருக்கிறோம். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணிகளுக்கு மூடப்பட்ட நிலையங்களின் வரலாற்றை, அங்கே உழைத்தவர்களின் கதையோடு சேர்த்து, அந்தந்த இடத்திலேயே தமிழில் எழுதி வையுங்கள். ரன்னிமேட்டிலிருந்து தொடங்குங்கள்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு புல்வெளிக்கு ரன்னிமீட் என்று பெயர். 1215இல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த இடம். அந்தப் பெயரை வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இங்கே கொண்டுவந்து சூட்டினார்கள். அங்கே அது தாழ்ந்த, ஈரமான, தட்டையான நிலம். இங்கே கொழுந்து பறித்தவர்களும் தண்டவாளம் போட்டவர்களும் அதை வாயில் போட்டு மென்று, 'ரன்னிமேடு' ஆக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் மேடாக இருக்கிற ஊருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? வகுப்பில் மொழி பாடம் நடத்தும்போதெல்லாம் இதைத்தான் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பெயர்ப் பலகை எழுதும்போது இந்தக் கதையையும் இரண்டு வரி எழுதலாம். ஊரார் தங்கள் நாவால் ஒரு இடத்தைச் சொந்தமாக்கிக்கொண்ட கதை அது.

பாதையின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854இலேயே எழுந்தது. 1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்து நின்றது. அதற்கு மேல் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் நடையும்தான். சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் பல்சக்கர ரயில் ஓட்டிக் காட்டிய ரிக்கன்பாக் என்ற பொறியாளரை வைத்துத் திட்டம் போட்டுப் பார்த்தார்கள். 1891இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் முதல் மண்வெட்டு போட்டார். மூன்றே ஆண்டில், 1894இல், கம்பெனி முறிந்தது. வேறொரு கம்பெனி வந்து பிடித்துக்கொண்டு, 1899 ஜூனில் ரயில் குன்னூர் ஏறியது. அங்கிருந்து ஊட்டி போய்ச் சேர இன்னும் ஒன்பது ஆண்டு. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டரில் போய் நிற்கிறது.

இந்த எண்களையெல்லாம் உங்கள் துண்டறிக்கைகளில் படிக்கலாம், பயணிகளும் சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு அப்பால் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 21ஆவது கிலோமீட்டரில், பக்கத்தில் பெரிய ஊரோ சந்தையோ இல்லாத அந்தச் சரிவில் ஏன் ஒரு நிலையம் கட்டினார்கள்? தண்ணீருக்காக. கல்லாறு தாண்டியதும் பாதை 12 அடிக்கு 1 அடி என்று ஏறத் தொடங்கும். வெறும் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல்லுக்கு நேராக மறு பட்டையின் பள்ளம் வரும்படி தள்ளி வைத்திருப்பார்கள். இஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆப்ட் முறை என்பார்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட ரயில் பாதை இது ஒன்றுதான்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதரையில் இரண்டு போதும். ஏற்றம் வந்ததும், முதல் இரண்டு சிலிண்டர்களில் வேலை பார்த்த நீராவி வெளியே போய்விடாமல் அடுத்த இரண்டுக்குள் புகுந்து பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே நீராவியை இரண்டு முறை வேலை வாங்குகிற வித்தை. அப்படியும் இஞ்சினில் இருக்கும் தண்ணீர் அந்த ஏற்றத்துக்கு ஈடு கொடுக்காது. தள்ளத் தள்ளத் தண்ணீர் தீர்ந்துகொண்டே போகும். இழுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் இஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று முட்டித் தள்ளும். எதிரே பாதை எப்படி இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. முன்பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். இஞ்சினுக்குக் கண் பெட்டியில் இருந்தது, உயிர் வழியில் இருந்த தொட்டிகளில் இருந்தது. அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று அந்தத் தொட்டிகளை வைத்தே நிலையங்கள் எழுந்தன.

ஆக ரன்னிமேட்டில் முதலில் குடியேறியது தண்ணீர். பிறகு தண்ணீரைக் காக்க ஆட்கள். பாதையைக் காக்க ஆட்கள். அந்த ஆட்களுக்குக் குவார்ட்டர்ஸ், ஒரு கிணற்றடி, ஒரு சாமிக்கல்.

அப்பாவின் வேலையைச் சொன்னால்தான் ஒரு நிலையம் எதற்கு இருந்தது என்பது விளங்கும். விடிந்ததும் கீமேன் சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு தன் பங்குப் பாதை முழுக்க நடந்துவிட்டு வருவார். எந்த ஆணி தளர்ந்திருக்கிறது, எந்தக் கட்டை இறங்கியிருக்கிறது என்று காலடி ஓசையிலேயே கண்டுபிடிப்பார். கேங்மேன்கள் ஜல்லி அடித்து இறுக்குவார்கள். பல்பட்டைக்குக் கிரீஸ் தடவுவார்கள். தடவாவிட்டால் இஞ்சின் பல்லும் பட்டைப் பல்லும் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்பா வீட்டுக்கு வந்தால் முதலில் வருவது கிரீஸ் வாடைதான். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு போகாது. அவர் இறந்தபோது ஓய்வு பெற்றுப் பல ஆண்டு ஆகியிருந்தது. குளிப்பாட்டும்போது அம்மா அந்த விரல்களைத்தான் பிடித்துப் பார்த்தார்.

மலையில் தண்டவாளம் சும்மா கிடப்பதில்லை. வண்டியின் எடையும் பிரேக்கின் இழுப்பும் சேர்ந்து, நாள்பட நாள்பட, இரும்பே மெல்லச் சரிவில் கீழே நகரும். சமவெளியில் வேலை பார்த்தவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. "லைன் எறங்கிப்போச்சு கண்ணு, நாளைக்கு ஏத்தோணும்" என்று சொல்லிக்கொண்டே அப்பா சாப்பிட உட்காருவார். சின்ன வயதில் எனக்கு அது மாடு கீழே இறங்கிப்போனதைச் சொல்வதுபோலக் கேட்கும். மறுநாள் பத்துப்பேர் கடப்பாரை போட்டு, பாட்டுக் கட்டி, அங்குலம் அங்குலமாக நெம்பி ஏற்றுவார்கள். அந்தப் பாட்டுகளில் நான்கைந்து அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கின்றன. யாராவது வந்து பதிவு செய்துகொண்டால் நல்லது. நான் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் பாட்டு எழுத்தில் பாதிதான் நிற்கிறது.

எங்கள் அன்றாடம் ரயிலோடு கட்டிப்போட்டிருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் வரும். பேறுகாலம், காய்ச்சல், பாம்புக்கடி என்றால் குன்னூருக்கு வண்டி. வண்டி இல்லாத நேரம் என்றால் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடே நடை. அம்மா டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் வரக்காப்பி கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் இஞ்சினிலிருந்து ஒரு குடம் வெந்நீர் பிடித்துத் தருவார்கள். மார்கழிக் குளிரில் நானும் அண்ணனும் குளித்தது இஞ்சின் வெந்நீரில். அதில் லேசான இரும்பு வாசம் இருக்கும். இன்றும் எங்காவது துருப்பிடித்த குழாயில் சுடுதண்ணீர் வந்தால் எனக்கு ரன்னிமேடுதான் ஞாபகம் வரும். வண்டி போனபின் எரியாமல் விழுந்த கரித்துண்டுகளைப் பொறுக்கிவருவது பிள்ளைகள் வேலை.

நிலையம் எங்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மேலும் கீழும் இருந்த தோட்டங்களின் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, கொழுந்து பறிக்கும் பெண்கள் சம்பள நாளில் வருவார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நீலகிரியில் பல இடங்களில் குடியேறின. கண்டியிலும் நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்த ஒரு கிழவி, எங்கள் நடைமேடையில் உட்கார்ந்துகொண்டு, அங்கேயும் இதே மாதிரி மலை, இதே மாதிரி ரயில், இதே தேயிலைதான் என்று சொல்லிச் சொல்லி அழுதது எனக்குக் கேட்டிருக்கிறது. ஊருக்குத் திரும்பி வந்தேன் என்று சொல்ல அவருக்கு இங்கே ஊரே இல்லை. காட்டேரிப் பக்கத்துப் படுகர் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளை முண்டாசும் போர்வையுமாக வருவார்கள். உருளைக்கிழங்கு மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் பேச்சு, விலைப் பேச்சு, மழைப் பேச்சு எல்லாம் அந்த பெஞ்சில் நடக்கும். ஒரே பெஞ்சில் அவரவர் மொழியில்.

யானைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்லாற்றிலிருந்து பர்லியாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு வரை அவற்றின் பாதை. பலா பழுக்கும் காலத்தில் மேலே ஏறும். எங்களுக்கு நிலையம், அவற்றுக்கு வழியில் ஒரு தண்ணீர்த்துறை. அப்பா காலத்தில் எழுதாத ஒரு ஏற்பாடு இருந்தது. பொழுது சாய்ந்தால் தொட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது. பலாப்பழத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை அண்ணன் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த பழத்துக்காக வீட்டுச் சுவரே போயிற்று. நாங்கள் பக்கத்து வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்தபிறகு அம்மா திட்டியது யானையை அல்ல, அண்ணனை. இன்றும் ரன்னிமேடு நிலையத்தில் யானைகள் வந்து நாள்கணக்கில் நிற்பதாகச் செய்தி வருகிறது. எனக்கு அது நிம்மதியான செய்தி. 2021இல் ஹில்குரோவ் அருகே பாதையை ஒட்டி எழும்பிய சுவர் யானைக்கூட்டத்தின் வழியை மறித்ததும், அந்தக் காட்சி பரவியபின் சுவர் இடிக்கப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இடித்தவர்களுக்கு என் நன்றி. இனி என்ன கட்டினாலும், அதை முதலில் அந்த வழியில் போகிறவர்கள் பக்கம் நின்று பாருங்கள்.

மழையை எழுதாமல் மலை ரயிலை எழுத முடியாது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அப்பா வீட்டில் தூங்கியதே இல்லை. இரவு ரோந்து. கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் கோல், இடுப்புப் பையில் வில்லைகள். தண்டவாளத்தில் வைத்தால் இஞ்சின் ஏறியதும் பட்டென்று வெடித்து டிரைவரை நிறுத்தச் சொல்லும் தகர வில்லைகள் அவை. இருவர் இருவராகப் போவார்கள். பாறை விழுந்திருக்கிறதா, பாலத்தடியில் மண் அரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அடுத்த எல்லை வரை நடந்து, அங்கிருந்து வருகிறவர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்புவார்கள். மேலே மலை பெயரும் சத்தம் இடிச்சத்தம்போல இருக்காது, லாரி ஏற்றம் ஏறுவதுபோல இழுத்துக்கொண்டே வரும் என்று அப்பா சொல்வார். அந்த ஓசைக்காக அம்மா விழித்துக்கொண்டிருப்பார்.

1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மலை சரிந்து மனிதர்களையும் சாலையையும் கொண்டுபோனது. ரயில் பாதையும் அறுந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமே மண்ணுக்குள் போனதுபோல் இருந்தது. ஒவ்வொரு முறையும் பாதை மீண்டது. சில மாதங்களில் விசில் கேட்டது. செய்தித்தாளில் 'ரயில் சேவை மீண்டும் தொடக்கம்' என்று ஒற்றை வரி வரும். அந்த வரிக்குள் அப்பாவைப் போன்றவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் மண்ணை அள்ளி, பாறையை உருட்டி, அறுந்த இடத்தில் கட்டை அடுக்கிய நாட்கள் இருக்கின்றன.

பிறகு நிலையம் ஓய்ந்தது. காரணம் கண்முன்னே இருந்தது. மலைப்பாதையில் பேருந்துகள் பெருகின. காய்கறி மூட்டைகளை லாரி வாசலிலேயே வந்து ஏற்றிக்கொண்டது. ஐந்து மணி நேரம் எடுத்து ஊட்டி ஏறும் வண்டிக்காக யார் காத்திருப்பார்கள்? குவார்ட்டர்ஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஓட்டை உடைத்துக்கொண்டு அத்தி முளைத்தது. டிக்கெட் விற்ற ஜன்னல் அடைபட்டது. காட்டேரி ரோட்டில் இப்போது வண்டி நிற்பதுகூட இல்லை. தண்ணீர் பிடிக்க வேண்டியிருப்பதால் அடர்லிக்கும் ரன்னிமேட்டுக்கும் அந்த மரியாதை மிச்சமிருக்கிறது. ஆளுக்காக நிற்காத வண்டி தண்ணீருக்காக நிற்கிறது. தொடங்கிய காரணத்துக்கே திரும்பிப் போய்விட்டது என் ஊர்.

பெர்ன்ஹில்லின் கதை இன்னும் நெஞ்சில் தைப்பது. 1908 செப்டம்பர் 15 அன்று பாதை பெர்ன்ஹில் வரை திறந்தது. ஊட்டி நிலையத்துக்கு ரயில் போய்ச் சேர்ந்தது அக்டோபர் 15. அந்த ஒரு மாதம் முழு மலை ரயிலுக்கும் கடைசி நிலையம் பெர்ன்ஹில்தான். ஊட்டிக்கு வந்த அத்தனை பேரும் அங்கே இறங்கி, பெட்டி படுக்கையோடு மிச்ச தூரத்தைக் கடந்திருப்பார்கள். ஒவ்வோர் அக்டோபர் 15ஆம் தேதியும் ஊட்டி நிலையத்தில் மலை ரயிலின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். மகிழ்ச்சிதான். செப்டம்பர் 15 வந்தால் பெர்ன்ஹில்லில் ஒரு மாலைகூடப் போடுவாரில்லை. இன்று வண்டி அங்கே நிற்காமலே கடந்துபோகிறது.

2005 ஜூலையில் யுனெஸ்கோ நம் ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. டார்ஜிலிங் ரயிலுக்கு 1999இல் கிடைத்த பெருமையின் விரிவாக வந்தது அது. சிம்லா பாதை 2008இல் சேர்ந்துகொண்டது. அந்தச் சிறப்பு ஒரு இஞ்சினுக்கோ ஒரு பாலத்துக்கோ கொடுத்ததல்ல. மலைநாட்டு மக்களின் வாழ்வை ஒரு ரயில் எப்படி மாற்றியது என்பதையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, பாதையோரத்தில் அந்த வாழ்வு நடந்த இடங்கள் வெறும் காட்சி முனைகளாக நிற்பது எனக்கு வலிக்கிறது. ரன்னிமேட்டில் இறங்கும் பயணி தேயிலைச் சரிவைப் பார்க்கிறார், நீராவியைப் பார்க்கிறார். பக்கத்தில் புதரேறிக் கிடக்கும் சுவரைப் பார்த்து 'ஏதோ பழைய கட்டடம்' என்கிறார். அந்தச் சுவருக்குள் ஏழு குடும்பம் இருந்தது. எங்கள் தூளி தொங்கிய கொக்கி எந்த இடத்தில் இருந்தது என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்.

இஞ்சின்களைப் போற்றுவதில் நீங்கள் குறை வைக்கவில்லை. பொன்மலைப் பணிமனையில் பழைய வடிவத்திலேயே புதிய நீராவி இஞ்சின்களைச் செய்து மலையேற்றினீர்கள். அப்பா இருந்திருந்தால் அதைப் பார்க்கவென்றே திருச்சிக்குப் போயிருப்பார். சுவிஸ்காரர்கள் செய்ததை நம் தொழிலாளர்கள் செய்து காட்டியது எனக்கும் பெருமை. அதே அக்கறையில் ஒரு பங்கு நிலையங்களுக்கும் வேண்டும் என்கிறேன்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. முதலில், இடிந்த குவார்ட்டர்ஸ் சுவர்களை அப்புறப்படுத்த வேண்டாம். வண்ணம் பூசிப் புதிதாக்கவும் வேண்டாம். செடியை வேரோடு எடுத்து, மேலும் சரியாமல் முட்டுக்கொடுத்தால் போதும். ஓட்டலோ விடுதியோ இரவு விளக்கு அலங்காரமோ அங்கே வேண்டவே வேண்டாம். பொழுது சாய்ந்தபின் அது யானைகளின் இடம்.

பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். நிலையத்தில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், என்னென்ன வேலை, தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது, கடைசி டிக்கெட் எந்த நாளில் விற்றது, ரோந்தில் போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். இவையெல்லாம் உங்கள் பதிவேடுகளில் இருக்கும். அப்பா காலத்தில் நாங்கள் பாலக்காடு டிவிஷன். 2007 நவம்பரில் சேலம் கோட்டம் பிறந்தபோது மலை ரயில் உங்கள் கைக்கு வந்தது. கேங் மஸ்டர் ரோல்கள் என்ற வருகைப் பதிவேடுகளும் நிலைய டைரிகளும் பாலக்காட்டில் பாதி, குன்னூரில் பாதி என்று கிடக்கக்கூடும். கரையான் முந்திக்கொள்வதற்குள் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, படம் பிடித்து, யாரும் பார்க்கும்படி வையுங்கள். ஒரு மஸ்டர் ரோலில் என் அப்பாவின் கைநாட்டு இருக்கும். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது பிறகுதான், நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, என் சிலேட்டில்.

இன்னும் ஒன்றை இந்த ஆண்டே செய்தாக வேண்டும். ஓய்வு பெற்ற கேங்மேன்கள், பிரேக்ஸ்மேன்கள், ஃபயர்மேன்கள், பாயிண்ட்ஸ்மேன்கள் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஓய்வூதியப் பட்டியல் உங்களிடமே இருக்கிறது. ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு பேரை அனுப்புங்கள். அவர்கள் பேசுகிற தமிழிலேயே, படுகு பேசுகிறவர்களிடம் படுகிலேயே, மலையாளம் பேசுகிறவர்களிடம் மலையாளத்திலேயே பதியட்டும். மனைவிமார்களையும் கேளுங்கள். ரோந்து போனவருக்குப் பாதையைத் தெரியும். வராத இரவுகளை அறிந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். சென்ற ஐந்து ஆண்டில் மட்டும் நான் போய்வந்த துக்க வீடுகள் பல. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது, இவரிடம் அதைக் கேட்காமல் விட்டோமே என்று ஒன்று நெஞ்சில் நிற்கும்.

கடைசியாக ஒரு ஆசை. 1899இல் குன்னூருக்கு வண்டி வந்தது ஜூன் மாதம். ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஜூனில் ஒரு நாள், ரன்னிமேட்டுக்கு டிக்கெட் விற்றுப் பாருங்கள். பழைய அட்டை டிக்கெட்டாகவே இருக்கட்டும். குன்னூரிலிருந்து ஒரு பெட்டி போதும். பாதையில் உழைத்த குடும்பங்கள் அதில் இறங்கிவரட்டும். தொட்டிப் பக்கம் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஏறி வரும் வண்டியில் திரும்பிவிடுகிறோம். பொழுது சாய்வதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுவோம், எங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

விலை எவ்வளவு வைத்தாலும் முதல் டிக்கெட் எனக்கு. அம்மாவுக்கு ஒன்று. அவருக்கு முட்டி வலி, படி ஏற இறங்க ஆள் பிடிக்க வேண்டும். சரிவைப் பார்த்த ஜன்னல் ஓரமாகக் கொடுத்தால், எந்த வளைவில் எங்கள் வீட்டுப் புகை தெரியும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்.

இப்படிக்கு,
ரன்னிமேடு கேங் மேஸ்திரியின் மகள்,
குன்னூர்.